பரணுக்குப் புகை

நான் கல்லூரிக்குப் போக முடிந்ததற்கு ஒரே காரணம், அந்தப் படிப்புக்கு மனையியல் என்று பெயர் இருந்ததுதான். வாணியம்பாடியில் எங்கள் குடும்பத்துப் பெண்கள் யாரும் அதுவரை பள்ளிக்கூடத்தைத் தாண்டியதில்லை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவருக்குத் தோல் மண்டியில் தரம் பிரிக்கும் வேலை. விண்ணப்பத்தை என்னையே படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டார். "சமையல், தையல், புள்ள வளக்கிறது. வூட்டுக்கு ஆவுற படிப்புதான். போவட்டும்" என்றார். அம்மாதான் முறைத்தாள். "இதெல்லாம் நானே சொல்லித் தரமாட்டனா? இதுக்கா மெட்ராஸுக்கு அனுப்புவாங்க?"

கல்லூரி வளாகத்துக்குள் பயிற்சி இல்லம் என்று ஒரு சின்ன வீடு இருந்தது. கடைசி வருடம் ஆறு ஆறு பேராக அதில் தங்கிக் குடும்பம் நடத்திக் காட்ட வேண்டும். ஒருத்தி சமைப்பாள், ஒருத்தி விருந்தாளியை வரவேற்பாள், ஒருத்தி ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டித் துவட்டுவாள். கேஸ் அடுப்பு, மேசை விரிப்பு, பீங்கான் தட்டுகள் எல்லாம் உண்டு. சாப்பாட்டு மேசைத் துணியை விசிறிபோல மடிப்பதில் நான் முழு மதிப்பெண் வாங்கினேன்.

எழுபதுகளின் கடைசியில் வேலை கிடைத்தது. ஜவ்வாது மலை. ஒன்றிய அலுவலகத்தில் மனையியல் பயிற்றுநர். மலைக் கிராமங்களுக்குப் போய்ப் பெண்களுக்குப் பத்து நாள் வகுப்பு எடுக்க வேண்டும். ஆலங்காயத்தில் ஓர் அறை பிடித்தேன். அத்தா கூட வந்து, கதவின் தாழ்ப்பாளை நாலு முறை போட்டுத் திறந்து பார்த்தார். "சமையல் படிப்புன்னுதான் அனுப்பிச்சேன். மலையேற வெப்பாங்கன்னு யாருமே சொல்லலியே" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

நெல்லிவாசல் நாடு என்று சொல்லும் மலைக் கிராமங்களுக்கு ஜீப் கிடைத்தால் ஜீப், இல்லாவிட்டால் நடை. நான் போய் வைட்டமின்களைப் பற்றிப் பேசினேன். பெண்கள் மரியாதையாக உட்கார்ந்து கேட்டார்கள். குழந்தைக்குத் தக்காளி சூப் வைப்பது எப்படி என்று சொன்னபோது ஒருத்தி, "தக்காளி எங்க வெளையுதுங்க?" என்று கேட்டாள். நான் குறிப்பேட்டைப் புரட்டி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். வகுப்புக்கு வந்த அத்தனை பேருக்கும் கண்கள் சிவந்திருந்தன. வீடுகளுக்குள் போனதும் காரணம் தெரிந்தது. மண் சுவர், புல் கூரை, ஜன்னல் கிடையாது. நடுவில் மூன்று கல் அடுப்பு. உள்ளே போன இரண்டாவது நிமிடம் எனக்கு இருமல் வந்துவிட்டது. கைக்குழந்தைகளும் அந்தப் புகையில்தான் படுத்திருந்தன.

அந்த நேரத்தில் அலுவலகத்துக்குப் புகையில்லா அடுப்பின் வரைபடம் ஒன்று வந்தது. இடுப்பு உயரத்தில் மேடை, இரண்டு வாய், கூரை வழியாக வெளியே போகும் தகரக் குழாய். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்த படிப்புக்கு ஒரு வேலை வந்துவிட்டது. ஒரு கிராமத்தில் எட்டு வீடுகளில் போட்டேன். முதலில் இடம் கொடுத்தவள் என் வயதுக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மண்ணை அவள்தான் மிதித்துக் கொடுத்தாள். மேலதிகாரி வந்து அடுப்பின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன்.

மழைக்காலம் முழுக்க வேறு கிராமங்களில் வகுப்பு. மறுபடி அந்த ஊருக்குப் போனபோது, ஊர் முனையில் ஊற்றுத் தண்ணீர் மாட்டுத் தொட்டிக்கு ஒரு தகரக் குழாய் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்து மூன்று குழாய்கள் சொருகியிருந்தார்கள். என் குழாய்கள்.

நேரே முதல் வீட்டுக்காரியிடம் போனேன். மேடை பாதி இடிந்து கிடந்தது. பழைய இடத்தில் பழைய மூன்று கல்.

"இன்னா டீச்சரம்மா, அடுப்பையா தேடுறீங்க?" என்றாள். குரலில் குறும்பு இல்லை. களைத்திருந்தாள்.

"ஏன் எடுத்தீங்க? கண்ணு நல்லா இருந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"கண்ணு நல்லாதாங்க இருந்துச்சு. நின்னுக்கினு களி கிண்ட முடியலிங்க. பானைய ரெண்டு காலால அமுக்கிப் புடிச்சாத்தான் துடுப்பு சுத்தும். மேடை மேல வெச்சுக் கிண்டுனா பானை ஆடுது, மண்ணு பேந்துக்குது."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எங்க சொல்றது? நீங்க வரவே இல்லியே."

கோபத்தில் நான் ஏதோ பேச வாயெடுத்தேன். அதற்குள் அவள் அடுப்புக்கு மேலிருந்த மூங்கில் பரணிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கி அவிழ்த்து, என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து அதில் கொட்டினாள். விதை மொச்சை. ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியது போல ஓட்டை. விரல்களுக்கு நடுவே மாவு உதிர்ந்தது.

"பொகை பட்டாத்தான் வெதைக்கு வண்டு வராதுங்க. குழா வெச்சதும் பரணுக்குப் பொகையே போவல. மூணு வூட்ல மொச்சை போச்சு. மூங்கில்கூட உளுக்க ஆரம்பிச்சிடுச்சு. அதான் புடுங்கிட்டோம்."

அந்த மொச்சையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அவள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இப்ப விதைக்கு இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்து ஊருங்கள்ல கேக்கணும். ஆளுக்கு ரெண்டு கைப்பிடி குடுப்பாங்க."

"நானும் வர்றேன்."

"நீங்க இன்னாத்துக்குங்க?"

"கெடுத்தது நான்தான?"

இரண்டு நாள் நடந்தோம். நாலு ஊர். ஒவ்வொரு வாசலிலும் அவள் என்னை அறிமுகம் செய்தது இப்படித்தான்: "இவங்கதான் பொகையில்லாத அடுப்பு போட்டவங்க. அதுலதான் வெதை போச்சு." நான் முக்காட்டை இன்னும் இழுத்து விட்டுக்கொள்வேன்; தலை நிமிரவே முடியவில்லை. ஆனால் யாரும் திட்டவில்லை. சிலர் சிரித்தார்கள். எல்லோரும் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் சாமைச் சோறும் கீரையும் போட்டு, சாப்பிட்டு முடித்த பிறகுதான் விதையை எடுத்தார்கள்.

இரண்டாம் நாள்தான் குறிப்பேட்டைக் கையில் எடுத்தேன். உள்ளே போன ஒவ்வொரு வீட்டிலும் பரண் எவ்வளவு உயரம், பானையின் வாய் எத்தனை விரல், எந்தப் பக்கம் உட்கார்ந்து கிண்டுகிறார்கள், புகை எங்கே தங்குகிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். மேடை போடுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். திரும்பி வரும்போது அவள் தலையில் விதை மூட்டை. என் பையில் எழுதி நிரம்பிய இருபது பக்கம்.

விதைப்பு முடிந்ததும் அவள் வீட்டிலேயே மறுபடி அடுப்பு போட ஆரம்பித்தோம். இந்த முறை தரையோடு ஒட்டி. களிப் பானை அசையாமல் உட்கார ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் கால் வைக்க இடம். முதல் அடுப்பு காய்ந்ததும் வெடித்துவிட்டது. இரண்டாவதில் புகை குழாயை விட்டு முகத்துக்கு வந்தது. மூன்றாவது போடும்போது குழாயில் பரண் உயரத்துக்கு ஓர் ஓட்டை போடலாமா என்று நான் கேட்டேன். அவள் வெளியே போய் உடைந்த பானை ஓடு ஒன்றை எடுத்துவந்தாள்.

"ஓட்டை போடுங்க. இத்தை வெச்சு மூடிக்கலாம். அறுப்பு முடிஞ்சு வெதை மேல ஏறுனதும் தெறந்து விடலாம். புள்ளைங்கள அன்னிக்கு வெளில படுக்க வெச்சுக்கறோம்."

அந்த அடுப்பு வெடிக்காமல் நின்றது. அன்றைக்கு அவள் களி கிண்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

அலுவலகத்தில் மேலதிகாரி வரைபடத்தையும் என் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "படத்துல இப்படி இல்லையேம்மா. மாத்திப் போட யார் சொன்னது?"

"அதுல சமைக்கிறவங்க சொன்னாங்க சார்."

"இத நான் மேல அனுப்ப முடியாது."

"அனுப்ப வேணாம் சார். ஒரு தடவ வந்து பாருங்க."

ஒரு மாதம் கழித்து வந்தார். குனிந்து உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தால், களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே குழாயின் ஓட்டையைத் திறந்து மூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் ஏறும்போது, "போடுங்க. ஃபைல்ல படம் மட்டும் பழசே இருக்கட்டும்" என்றார். எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகு வகுப்பு எடுக்கும் முறையே மாறிப்போனது. பத்து நாளில் முதல் மூன்று நாள் நான் வாயைத் திறப்பதில்லை. வீடு வீடாகப் போய் உட்கார்ந்திருப்பேன். பிறகு முதல் வீட்டுக்காரியும் நானும் சேர்ந்து போனோம். அவள் மண்ணைப் பார்ப்பாள், நான் அளவு சொல்வேன். கொஞ்ச நாளில் அளவையும் அவளே சொல்ல ஆரம்பித்தாள். கீழே ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை வந்தது. அத்தா போகச் சொன்னார். நான் போகவில்லை. அவருக்கு என்ன காரணம் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அதற்கப்புறம் எட்டு ஒன்பது வருடம் மலையிலேயே இருந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், நான் அதுவரை வகுப்பே எடுக்காத ஒரு குக்கிராமத்துக்குப் போனேன். ஒரு வீட்டுக்குள் குனிந்து நுழைந்தேன். மூச்சு முட்டவில்லை. தரையோடு ஒட்டிய அடுப்பு, கால் வைக்க இடம், பரண் உயரத்தில் ஓடு மூடிய ஓட்டை. எங்கள் அளவில் இல்லை, இன்னும் சின்னது. குழாய்க்குப் பதிலாக மூங்கிலைச் சுற்றி மண் பூசியிருந்தார்கள். எனக்கு அது தோன்றியதே இல்லை.

"இது யார் போட்டது?" என்று கேட்டேன்.

"நாங்களேதாங்க. மேல ஊர்ல எங்க நாத்தனார் வூட்ல பாத்துட்டு வந்து போட்டோம். உங்க ஊர்ல இல்லீங்களா?" என்றாள் அந்த வீட்டுப் பெண்.

நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லவும் எனக்கு மனமில்லை. "இல்லம்மா. எப்படிப் போட்டீங்க, சொல்லுங்க" என்றேன்.

பக்கத்து வீட்டிலிருந்தும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். எந்தக் கரையில் மண் எடுக்க வேண்டும், மூங்கிலை எத்தனை நாள் ஊற வைக்க வேண்டும், ஓட்டை எப்போது திறக்க வேண்டும் என்று மூன்று பேரும் மாறி மாறிப் பொறுமையாகச் சொன்னார்கள். நான் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினேன். இன்னும் சரியாகப் பார்க்கலாம் என்று அடுப்பு வாயருகே குனிந்தபோது அந்தப் பெண் சட்டென்று என் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"முக்காட்ட பின்னால போட்டுக்குங்கம்மா. நெருப்பு பட்டுடப் போவுது."