வேண்டாமென்ற மோர்

கம்பி ஆலையில் உலையருகே எனக்கு வேலை. பிரஷர் வந்ததும், அரசு சுகாதார நிலையத்தில் தந்த உணவுக் குறிப்பை நம்பிச் சோற்றில் உப்பையே நிறுத்திவிட்டேன். வேர்வைக்கென்று ஆலையில் தரும் உப்பு மோரையும் தொடவில்லை.

ஒரு மதியம், பழுக்கக் காய்ச்சிய கம்பி தடம் மாறி என் பக்கம் சீறி வந்தது. விலகப் பார்த்தேன். கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிவிட்டன.

பக்கத்தில் நின்ற ஏசுதாஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். பூட்ஸ் முனை கருகியது.

"இன்னாண்ணா, அப்டியே நின்னுக்கினு கீற!" அவன் கத்தினான்.

சுகாதார நிலைய டாக்டரம்மா திட்டினார்: "வேர்வையில உப்பு போயித்தான் கால் பிடிச்சிருக்கு. ஊறுகா, அப்பளத்தை நிறுத்தத்தான் சொன்னேன். உலையில வேலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

இப்போது அவர் சொன்ன அளவில் மோர் குடிக்கிறேன். டம்ளரை வாங்கும்போதெல்லாம் பூட்ஸுக்குள் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன.