‘விடாதே’ என்னும் சொல்

எங்கள் தெருவில் அவளை எல்லோரும் ‘துறுதுறு’ என்றே அழைப்பார்கள். உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் கை எதையாவது தேடும். பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் கிரேன் ஓட்டியவள். ஒரு முறைகூடச் சுமையைத் தவறவிட்டதில்லை. அதனால்தான் விண்வெளிப் பயிற்சிக்கூடத்தார் அவளை அழைத்தனர்.

விண்வெளி வீரர்களின் தடித்த கையுறைக்குள் விரல்கள் விரைவில் ஓய்ந்துவிடும். அவர்களுக்குத் துணையாக ஓர் இயந்திரக் கை செய்திருந்தார்கள். மனத்துக்குள் ‘பிடி’ என்றால் அது பிடிக்கும். ‘விடு’ என்றால் விடும். கம்பிகள் செருகிய தொப்பியோடு அமர்ந்து, அவள் அதனைப் பழக்க வேண்டும். அசையாமல் அமர வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தண்டனை. கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பாள்.

முதல் இரண்டு சோதனைகளிலும் அந்தக் கை, தூக்கிய ஆளுயரப் பொம்மையைத் தொப்பென்று போட்டது. மூன்றாவதிலும் விழுந்தால் வேறொருவரைத் தேட வேண்டியிருக்கும் என்று அங்கிருந்த பெண் பொறியாளர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார். அன்று முதல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தையல்காரரான கணவர், “உன் மண்டைக்குள்ள ஓடுறது எனக்கே பிடிபடல, மெஷினுக்கு எப்படிப் பிடிபடும்?” என்று சீண்டினார். அவள் சிரிக்கவில்லை.

சோதனை நாளன்று காலையில், அவர் ஏணியில் ஏறி விளக்கை மாற்றினார். அவள் கீழே ஏணியைப் பிடித்திருந்தாள். ஏணி சற்றே ஆடியதும், “விடாதே” என்று கத்தினார். சொல்லின் முற்பாதி காதில் விழுந்த கணத்தில் அவள் பிடி தளர்ந்தது. பிற்பாதி வந்த பிறகே இறுகியது.

பயிற்சிக்கூடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். பொம்மை நழுவுமோ என்று அஞ்சும்போதெல்லாம் தான் மனத்துக்குள் ‘விடாதே’ என்று சொல்வதையும், இயந்திரம் சொல் முடியும்வரை காத்திராமல் ‘விடு’ என்று எடுத்துக்கொள்வதையும் மூச்சிரைக்க விளக்கினாள். நம் மொழியில் மறுப்பு, வினையின் வாலில்தானே வருகிறது? பழைய சோதனைப் பதிவுகளைப் பார்த்த பொறியாளர், அவள் சொன்னது சரிதான் என்று நாற்காலியில் சாய்ந்தார். ‘விடு’ என்பதை ‘விலகு’ என்று மாற்றினால், அதற்கும் ‘விலகாதே’ இருக்கிறது. ‘சரி’ என்றால் ‘சரியில்லை’ இருக்கிறது.

“பட்டறையில சுமை தரையில உட்கார்ந்ததும் ‘ஆச்சு’ன்னுதான் சொல்வோம் மேடம். பயத்துல யாருக்கும் அந்த வார்த்தை வராது” என்றாள் அவள்.

பகல் முழுவதும் இயந்திரத்துக்கு அந்தச் சொல்லைப் பழக்கினார்கள். மாலையில் பொம்மை மேலே போனது. பொறியாளர் சொல்லாமல் கொள்ளாமல் அதன் காலைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். ‘விடாதே, விடாதே’ என்று அவள் மனம் அலறியது. இயந்திரக் கை இறுகியே இருந்தது.

பொறியாளர் பொத்தானை அழுத்தி இயந்திரக் கையை மெல்லத் தாழ்த்தினார். “போதும்க்கா, ஜெயிச்சிட்டீங்க. விட்டுடுங்க.”

பொம்மையின் ஒரு குதிகால் தரையைத் தொடவில்லை.

“இன்னும் ஆகல மேடம்” என்றாள். தொடைமேல் அவள் விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன.