மாமி போட்ட இதயங்களும் ஹலீனா வைத்த மேலதிகத் தட்டும்

நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முதல்நாள் மல்வேர்னிலிருந்து ரொன்செஸ்வேல்ஸ் வரை போய்வந்தேன். ரொறன்ரோவின் கிழக்கு மூலையிலிருந்து மேற்குக்கு, முப்பது கிலோமீற்றருக்கு மேல். அங்கே போலந்துக்காரர் எப்படி நத்தார் கொண்டாடுகிறார்கள் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்காக வழியை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை ஊர் என்று மட்டும் சொல்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

அழைத்தது ஹலீனா. அஜின்கோர்ட்டில் முதியோர் இல்லமொன்றில் என்னோடு வேலை செய்கிறவள். "ஒவ்வொரு வருசமும் ஒரு தட்டுக் கூடுதலாக வைக்கிறோம், ஒருத்தரும் வந்ததில்லை, இந்த முறை நீ வா" என்றாள். அதே நாள் பகல் ஒரு மணிக்கு நகரமண்டபத்துக்கு முன்னால் போராட்டம். இணையத்தில் எழுதுகிறவர்களைப் பிடித்து உள்ளே போடுகிற சட்டங்களுக்கு எதிராகப் பல நாட்டுக்காரர் சேர்ந்து நடத்தியது. ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

போராட்டத்தில் எனக்குச் சொந்த அலுவல் இருந்தது. ஊரில் என் தம்பி காணிப் பிரச்சினை பற்றி முகநூலில் எழுதுவான். நவம்பரில் அவனை விசாரணைக்குக் கூப்பிட்டு போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் போராட்டம் செய்கிறவர் எவரோடும் தனக்குத் தொடர்பில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்துத்தான் வெளியே வந்தான். அடுத்த விசாரணை நத்தாருக்குப் பிறகு வருகிற வெள்ளிக்கிழமை. நான் அங்கே நின்றேன் என்று தெரிந்தால் அந்தக் கையெழுத்துப் பொய்யாகிவிடும். அதற்காக வீட்டில் இருக்கவும் என்னால் முடியவில்லை. சால்வையைக் கண்வரை சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் நிற்பது என்று முடிவெடுத்தேன்.

பதினொன்றேகாலுக்கு நீல்சன் வீதியில் பஸ். கெனடி ஸ்டேஷனுக்கு நாற்பது நிமிடம், அங்கிருந்து சப்வே. யங் வீதியில் மாறி குயின் ஸ்டேஷனில் இறங்கினால் நகரமண்டபம் ஐந்து நிமிட நடை. கட்டணம் மூன்று டொலர் முப்பது சதம், ஒருமுறை கட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்குச் செல்லுபடியாகும். வெறுங்கையோடு போகக்கூடாது என்று பன்னிரண்டு மட்டன் ரோலும் வாங்கியிருந்தேன். சுட்டெண்ணெய் மணத்தோடு கூட்டம் நிறைந்த ரயிலில் போவது ஒரு தனிச் சங்கடம்.

அறுபது பேர் வந்திருப்போம். பனியும் மழையும் கலந்து கொட்டியது. பக்கத்தில் பிள்ளைகள் பனிச்சறுக்கு விட்டார்கள், நத்தார்ப் பாட்டு எங்கள் கோஷத்தை விடச் சத்தமாகக் கேட்டது. நகரமண்டபத்தில் எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. விடுமுறைக்குப் போன அரசாங்கத்திடம் நீதி கேட்டுக்கொண்டு நின்றோம்.

யாரோ ஒரு பெண் பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். தேத்தண்ணியை மறுக்கிற ஆள் நானில்லை. குடிப்பதற்குச் சால்வையைக் கீழே இறக்கினேன். அந்த நேரம் பார்த்து ஒரு அண்ணை போனோடு வந்தார்.

"தங்கச்சி, லைவ் போகுது. ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

"அண்ணை, என்னை எடுக்காதைங்கோ."

"ஐயோ சொறி, சொறி" என்று உடனே போனைத் திருப்பிவிட்டார். நல்ல மனுசன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மூன்றரைக்குத் திரும்பவும் சப்வே, டண்டாஸ் வெஸ்ட் ஸ்டேஷன். அங்கிருந்து ரொன்செஸ்வேல்ஸ் வீதியால் தெற்கே நடக்கலாம். பேக்கரிகளில் வாசல் தாண்டி வரிசை நின்றது. ஹலீனாவின் வீட்டில் அவளும் கணவரும் மட்டும். மேசைவிரிப்புக்கு அடியில் வைக்கோல். யேசு தொழுவத்தில் பிறந்ததற்காம். முதல் நட்சத்திரம் தெரிந்தபிறகுதான் சாப்பாடு. அன்றைக்கு முகில் மூடி ஒன்றும் தெரியவில்லை. ஐந்து மணிக்கு, "பசிக்கு நட்சத்திரம் தெரியுமா" என்று கணவர் உட்கார்ந்துவிட்டார். அன்றிரவு அவர்கள் இறைச்சி தொடமாட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஹலீனா சிரித்துக்கொண்டே என் ரோல்களை அடுத்தநாளுக்கு எடுத்து வைத்தாள்.

கூடுதல் தட்டைப் பார்த்து, "யாருடைய நினைவாக?" என்று கேட்டேன். எங்கள் பழக்கத்தில் ஆளில்லாத இடத்தில் தட்டு வைத்தால் அது படையல். ஹலீனா பதறிப்போனாள். செத்தவர்களுக்கு இல்லை, சொல்லாமல் கதவைத் தட்டுகிற உயிருள்ள ஒருவருக்கு என்றாள். பிறகு தேவாலயத்தில் கொடுக்கிற ஓஸ்தி போல மெல்லிய வெள்ளை அப்பத்தை நீட்டினாள். 'ஒப்வாதெக்' என்பார்கள். ஒருவர் கையிலிருப்பதை மற்றவர் உடைத்து, வாழ்த்துச் சொல்லித் தின்னவேண்டும். நான் உடைக்கிறபோது போன் அடித்தது. அம்மாவின் நம்பர். ஊரில் அப்போது விடியவும் இல்லை.

பேசியது தம்பி. "அக்கா, அந்த லைவிலை உங்கட முகம் தெரியுது. மாமி கீழ என்ர பேரைப் போட்டிட்டா."

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மாக்கத்தில் இருக்கிற எங்கள் மாமி. 'எங்கட பிள்ளை! தம்பிக்காகக் குளிருக்குள்ள நிக்கிறாள் பாவம்' என்று எழுதி, அவனுடைய பெயரையும் டாக் பண்ணி, மூன்று சிவப்பு இதயம் போட்டிருந்தா. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது.

"நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்டும் செய்யாதைங்கோ. வெள்ளிக்கிழமை அவையும் உந்த லைவைக் காட்டித்தான் கேப்பினம். இனி இந்த நம்பருக்கும் எடுக்காதைங்கோ அக்கா." வைத்துவிட்டான்.

மாமிக்கு எடுத்தேன். "ஏன் பிள்ளை அழிக்கவேணும்? முந்நூறு பேர் லைக் போட்டிருக்கினம்" என்றா. விசயத்தைச் சொன்னதும் போனிலேயே குழறி அழுதா. அழித்தா. ஆனால் அதற்குள் பலர் படமெடுத்துப் பகிர்ந்துவிட்டார்கள். அவவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பாசம் வைத்தவரை எப்படித் திட்டுவது? என்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

நடந்ததை ஹலீனாவுக்குச் சொன்னேன். அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு குளிர்காலம் போலந்தில் போன் எல்லாவற்றையும் அரசாங்கம் நிறுத்தியதாம். திரும்ப வந்தபோது, 'இந்தப் பேச்சு கண்காணிக்கப்படுகிறது' என்று ஒரு குரல் இடையில் சொல்லுமாம். "சொல்லிவிட்டாவது செய்தார்கள்" என்றேன். அந்த வருடம் அவளுடைய அம்மா வெளிநாட்டில் இருந்த தன் அண்ணனுக்கு ஒரு வார்த்தையும் எழுதாமல் அப்பத்துண்டை மட்டும் தபாலில் அனுப்பினாராம். உறையை உடைத்துப் பார்த்தவர்களுக்குப் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஹலீனா தன் கையிலிருந்த பாதியை ஒரு உறைக்குள் போட்டு என்னிடம் தந்தாள்.

பீற்றூட் சூப்பும் மீனும் நன்றாக இருந்திருக்கவேண்டும். எனக்கு ருசி தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை போய், இன்னொரு வெள்ளிக்கிழமையும் போய்விட்டது. அம்மாவின் நம்பரிலிருந்து அழைப்பு இல்லை. நானும் எடுக்கவில்லை. ஹலீனா தந்த உறையைத் தம்பிக்குத் தபாலில் போட்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: பேக்கரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், பின்னேரம் வரிசை நீளம். நத்தாருக்கு முதல்நாள் கடைகள் நேரத்தோடு பூட்டுவார்கள். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் இறைச்சி கொண்டுபோகாதீர்கள். போராட்டத்துக்குப் போனால் தேத்தண்ணியைப் பிறகு குடியுங்கள்.

இந்தப் பதிவுக்குக் கருத்துப் பெட்டியை மூடியிருக்கிறேன். வாசிக்கிறவர்களில் சிலருக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்கும், அவனையும் தெரிந்திருக்கும். உங்கள் அன்பு எனக்கு விளங்குகிறது. தயவுசெய்து எங்களைத் தெரியாதவர்கள் போல இருந்துவிடுங்கள்.