முகமூடிக்காரியின் நடை

எவர்சில்வர் டம்ளரை மேஜையில் வைக்கிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார். பதினோராவது தடவை. எதிரே திரையில் சீரியல் நாத்தனார் வாய் திறக்காமல் நிற்கிறாள். “கோபத்துல வெச்சா ‘டங்’குனு கேக்கும். அது யாருக்கும் வரும். இவ கோபத்தை முழுங்கிட்டு வைக்கிறா. மெதுவா வைக்கணும், அடியில ஒரு நடுக்கம் இருக்கணும்.” பன்னிரண்டாவதில் வந்தது.

சீரியல்களுக்குச் சத்தம் போடுவது அவர் தொழில். அவர் பேசினால் மட்டும் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. வீட்டு முன்னறையில் சுவரெல்லாம் பழைய மெத்தை சாய்த்து, நடுவில் உட்கார்ந்திருப்பார். அடுத்த அறையில் அவர் அம்மா. மூன்று வருடமாக நடை இல்லை, பார்வையும் போய்விட்டது. கை, காது, வாய் மூன்றும் திடம். அந்த அம்மாவைக் கவனித்துக்கொள்ள நான் தினமும் போகிறேன்.

அன்று அவருக்குத் தலைபோகிற வேலை. செத்ததாக எல்லோரும் நம்பும் சின்ன மருமகள் முகமூடியோடு திரும்பி வருகிறாள். அவள் யாரென்று மூன்று வாரம் தெரியக்கூடாது. “தெரிஞ்சுதோ, நீ வேற வேலை பாத்துக்க” என்று டைரக்டர் போனிலேயே சொல்லிவிட்டார். மறுநாள் மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

கைகளில் செருப்பை மாட்டிப் பலகைமேல் நடந்து, முகமூடி போட்ட ஒருத்தி வருகிறாள் என்று மட்டும் சொல்லி, பதிவு செய்ததை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினார்.

“அட, சின்ன மருமக! சாகலையா அவ?”

அவர் செருப்பைக் கழற்றினார். வேறு செருப்பை மாட்டினார். பிறகு பூட்ஸ்.

“செருப்பை மாத்தினா நடை மாறிடுமாடா? இடது காலை ஒரு நிமிஷம் யோசிச்சுத்தானே வைக்கிறா? அந்தப் பயத்தை அவளுக்குக் குடுத்ததே நீதானே!”

நான்கு வருடம் அவளுக்காக நடந்து பழகிய கை. பல்லைக் கடித்துக்கொண்டு வேறு மாதிரி நடந்தார்.

“நாத்தனார் எதுக்கும்மா முகமூடி போட்டுட்டு வர்றா?” என்று அம்மா என்னைக் கேட்டார்.

“கொஞ்சம் சும்மா இரும்மா,” என்றார் மகன். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை நான் போனபோது மைக் அம்மாவின் கட்டிலருகே நின்றது. மடிக்கு மேல் பலகை. அம்மாவின் கைகளில் பூட்ஸை மாட்டி, நழுவாமலிருக்கக் கயிற்றை மணிக்கட்டில் முடிந்துகொண்டிருந்தார்.

“எப்படிடா நடக்கணும்?”

“நீ எப்படி நடப்பியோ, அப்படி.”

நான் மின்விசிறியை நிறுத்தினேன்.