மாமாவின் புரோட்டீன் டப்பா

என் அக்காவின் கணவர் பத்தாம் வகுப்பு அறிவியலில் இரண்டு முறை தவறியவர். அதைக் குறையாகச் சொல்லவில்லை. தவறியவர்கள் எத்தனையோ பேர் ஒழுங்கான வேலை செய்து பிழைக்கிறார்கள். இவர் செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடி அறையைப் பிடித்து, கழுத்தில் டை கட்டிக்கொண்டு, ‘ஆரோக்கிய ஆலோசகர்’ என்று பலகை மாட்டினார். தினமும் காலையில் இருபது முப்பது பேர் அங்கே கூடி, அவர் கலக்கிக் கொடுக்கும் ஏதோ ஒரு கம்பெனியின் புரோட்டீன் மாவைக் குடித்துவிட்டுக் கை தட்டுவார்கள். ஒரு டம்ளரைக் காலி செய்ததற்குக் கைதட்டும் கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் உயிர்வேதியியல் முதுகலை படித்துவிட்டு, அதே கடைத்தெருவில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறேன். வீட்டில் என் படிப்புக்கு இருந்த மரியாதை, “அது ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ற எடத்துல இருக்குது” என்பதோடு சரி.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்குச் செஞ்சியை அடுத்த வல்லத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் நிலம். வெகுநாளாகச் சர்க்கரை நோய். போன வருடம் அவர் கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மாமா குனிந்து பார்த்து, “புரோட்டீன் கம்மி. அதான் வீங்குது” என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாளே ஒரு பெரிய டப்பா வந்து இறங்கியது. காலை இரண்டு கரண்டி, மாலை இரண்டு கரண்டி.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி உண்மை. ரத்தத்தில் ஆல்புமின் என்றொரு புரதம் இருக்கிறது. ரத்தக் குழாய்க்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. அது குறைந்தால் தண்ணீர் சதைக்குள் கசிந்து கால் வீங்கும். ஆனால் அது ஏன் குறைந்தது என்று கேட்கிற புத்தி மாமாவுக்கு இருந்தால் அவர் ஏன் டை கட்டப் போகிறார்?

ஒரு நாள் நைனாவை லேப்புக்கு அழைத்து வந்தேன். மாமாவும் கூடவே வந்தார். சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும் அட்டையைக் காட்டினால் நம்பமாட்டார்கள் என்று பழைய முறையில் செய்தேன். நைனாவின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேல்பாகத்தை மட்டும் நெருப்பில் காட்டினேன். கீழே தெளிவாக இருக்க, மேலே பால் திரிந்ததுபோல் வெள்ளையானது. இரண்டு சொட்டு அமிலம் விட்டும் வெள்ளை கலையவில்லை; வெறும் உப்பாக இருந்தால் கரைந்திருக்கும்.

“இன்னாம்மா இது?” என்றார் நைனா.

“முட்டை வெள்ளை வெந்தா எப்படி ஆவுது? அதே கதைதான் நைனா. புரோட்டீன்னா அமினோ அமிலம் கோத்த நீளமான சங்கிலி. அது ஒரு கணக்கா மடிஞ்சி நிக்கும். அந்த மடிப்புதான் அதோட வேலைக்கு ஆதாரம். சூடு பட்டா மடிப்பு அவுந்து ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். ஒன் ரத்தத்துல இருக்க வேண்டியது ஒண்ணுக்குல போவுது. சக்கரையால கிட்னி ஓட்டை சல்லடை மாதிரி ஆயிட்டுது.”

மாமா கை தட்டினார். “பாத்தீங்களா? வெளிய போவுதுன்னு இதுவே சொல்லுது. அதான் நான் உள்ள ஊத்தறேன்!”

“மாமா, குடிக்கற மாவு அப்படியே ரத்தத்துக்குப் போவாது. வயித்துலயும் குடல்லயும் துண்டு துண்டா ஆயிடும். ஒடம்பு அதுக்கு வேண்டியதைப் புதுசாக் கோத்துக்கும். மிச்சத்தோட கழிவைத் தள்ற வேலையும் அதே ஓட்டை கிட்னிக்குத்தான்.”

“எங்க கம்பெனில தோலுக்குன்னே தனி புரோட்டீன் இருக்குதே. நேரா தோலுக்குப் போவும்.”

“அப்படின்னா ஆட்டுக்கால் சூப்பு குடிச்ச ஒங்களுக்கு இந்நேரம் குளம்பு மொளச்சிருக்கணும்.”

நைனாவுக்குக் கோபம் வந்தது என்மேல்தான். “மாப்பிள்ளைகிட்ட இப்படியா பேசுவ?” என்று எழுந்துவிட்டார். அன்று மாலையும் இரண்டு கரண்டி குடித்தார் என்று அக்கா போனில் சொன்னாள், ஏதோ நான் தோற்றதைத் தெரிவிப்பதுபோல.

அதன்பின் ஒரு மாதம் நான் வாய் திறக்கவில்லை. எக்கேடோ கெடட்டும் என்று இருந்தேன். படித்த திமிர் என்பார்களே, அது இதுதான். மாமாவின் அறியாமையைவிட அந்த ஒரு மாத மௌனம் கேவலமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நைனாவுக்கு முகமும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியபோதுதான் வண்டி பிடித்து விழுப்புரத்துக்குக் கொண்டுபோனேன். சிறுநீரக மருத்துவர் என் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “பவுடர் எதனா குடிக்கறீங்களா? நிறுத்துங்க” என்றார். அவ்வளவுதான் பேசினார். மடிப்பும் இல்லை, சங்கிலியும் இல்லை. நைனா எழுந்து நின்று கும்பிட்டு, “சரிங்க சார்” என்றார். வரும் வழியெல்லாம், “டாக்டரே சொல்லிட்டார், டாக்டரே சொல்லிட்டார்” என்று எனக்கு விளக்கினார்.

மாத்திரை, உப்புக் குறைப்பு, அளவான சாப்பாடு. சில வாரங்களில் கால் வற்றியது. சிறுநீரகம் பழையபடி ஆகாது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

பிறகொரு காலையில் மாமாவின் மாடிக்குப் போக நேர்ந்தது. சுவரில் நைனாவின் கால்கள் தொங்கின. வீங்கிய கால் ஒரு படம், வற்றிய கால் ஒரு படம். நடுவில் டப்பா. மாமா அதைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய்ப் படங்களைப் பிய்த்தேன். “இது மாத்திரைல கொறஞ்ச வீக்கம். இந்த மாவை நிறுத்தினதுக்கு அப்புறம் கொறஞ்சது” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

முன் வரிசையில், மேல்மலையனூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்த ஒரு அம்மாள் என்னைக் கேட்டாள்:

“கொறஞ்சிதா இல்லியா?”

“கொறஞ்சிது. ஆனா...”

“அப்புறம் இன்னா?” என்றவள் மாமா பக்கம் திரும்பினாள். “எனக்குச் சாக்லேட்டுல கலக்குப்பா. நேத்து குடுத்தது வாய்ல வெக்க முடில.”