பேச்சியம்மாளின் முகம் காகிதத்தில் வந்த விதம்

கொச்சி மட்டாஞ்சேரியில் மகா போட்டோ ஸ்டுடியோ வைத்து ஆறு வருஷம் ஆகிறது. கட்டட வேலைக்கு வந்த கணவனோடு சங்கரன்கோவிலிலிருந்து வந்தவள், முதலில் பாஸ்போர்ட் படம் எடுக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு கல்யாணங்களுக்கும் கேமராவைத் தூக்கினாள். யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கத்துக் கிட்டங்கியில் சுக்கு தரம் பிரிக்கும் பேச்சியம்மாள், மகள் சங்கரியின் கல்யாணத்தைப் படமெடுக்க மகாவைத்தான் கூப்பிட்டாள்.

எறணாகுளத்தில் அச்சுப்போடும் லேபிலிருந்து பெரிய கல்யாணப் படம் வந்த அன்று தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். பேச்சியம்மாள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. என் தாடையில பச்சையத்தான் காணோம்."

சின்ன வயதில் குத்திய மூன்று புள்ளிகள். மகா உற்றுப் பார்த்தாள். புள்ளிகளோடு சுருக்கங்களும் போயிருந்தன. முகம் மெழுகு பூசியதுபோல் இருந்தது. கம்ப்யூட்டரில் திறந்தால் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"இருக்கட்டும் அக்கா. இதுதான் பங்கியா, அழகா இருக்கு. அம்மாவுக்கு வயசு குறைஞ்ச மாதிரி," என்றாள் சங்கரி.

பேச்சியம்மாள் தாடையைத் தடவிக்கொண்டாள். அதுதான் மகாவை உறுத்தியது.

மறுநாள் படகேறி லேபுக்குப் போனாள். அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ரமேஷ்பாபு சாந்தமாகச் சொன்னார்: "மெஷின் தானா திருத்தறது சேச்சி. எல்லாருக்கும் அதுதான் இஷ்டம்."

"என் படத்துக்கு வேண்டாம் சேட்டா. அனுப்பினபடியே போடுங்க."

அப்படியே போட்டார். புள்ளிகள் வந்தன, ஆனால் படமே மங்கலாக இருந்தது. திரையில் ஊசிபோல் தெரிந்த பட்டுச்சேலை ஜரிகை காகிதத்தில் கரைந்து கிடந்தது.

"காகிதத்துக்குப் போறப்போ கூர்மை கொஞ்சம் குறையும்," என்றார் ரமேஷ்பாபு. "அதையும் சேர்த்து நீங்க முன்னாலயே கூட்டித் தரணும்."

மகா வீட்டில் உட்கார்ந்து படத்தை முதலில் அச்சாகும் அளவுக்கே மாற்றினாள். அதன்பிறகே கூர்மையைக் கூட்டினாள், திரையில் சற்று உறுத்தும் அளவுக்கு. அதன்மேல், பழைய ஃபிலிம் படங்களில் மணல்போல் தெரியும் பொடித்துகள்களைக் கொஞ்சமாகத் தூவினாள். தாய், மகள் முகங்களை மட்டும் வெட்டி, நான்கு விதமான கூர்மையில் ஒரே தாளில் போடச் சொல்லி லேபில் கொடுத்தாள், பளபளப்பில்லாத காகிதத்தில். ரமேஷ்பாபு தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். அவரும் மகாவும் மூன்றாவதைத்தான் தொட்டார்கள்.

முழுப் படமும் அப்படியே வந்தது. சங்கரி இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். புதியதில் அம்மாவின் கண்ணோரம் மெல்லிய ஈரக்கோடு இருந்தது. பழையதில் அது இல்லை.

"அம்மா, அன்னிக்கு நீ அழுதியா?"

"ஹோமப் புகைடீ," என்றாள் பேச்சியம்மாள்.

சங்கரி புதிய படத்தைத்தான் இடக்கொச்சியில் இருக்கும் கணவன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். பழையதை வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

அந்தச் சோதனைத் தாளை ரமேஷ்பாபு லேபில் ஒட்டிவைத்தார். அதைப் பார்த்து விசாரித்த இரண்டு ஸ்டுடியோக்காரர்களை மகாவிடம் அனுப்பினார். இப்போது மத்தியான வேளைகளில் அவர்களுடைய கல்யாணப் படங்களையும் அவள்தான் அச்சுக்குத் தயார் செய்கிறாள்.