பாறையை ஒட்டி ஓர் அறை

லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது தவறி விழுந்த மாசாணத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீல்சேரில் கூட்டி வந்த அன்றைக்குத்தான், கல்யாணமான நாளிலிருந்து புழங்கிய வீடு எவ்வளவு சிறியது என்று அவர் மனைவி மாசாணியம்மாளுக்கு உறைத்தது. காரமடையை அடுத்து, மாமனார் மண்சுவர் வைத்துக் கட்டிய ஓட்டு வீடு. இரண்டே அறைகள். குளியலறை கிடையாது. பின்பக்கம் சேலையை மறைப்பாகக் கட்டி அவள்தான் அவரைக் குளிப்பாட்டினாள். குளித்து முடிக்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவே மாட்டார்.

ஓர் அறையும் குளியலறையும் சேர்த்துக் கட்டியே தீருவது என்று முடிவெடுத்தாள். முன்னால் ரோடு, இரண்டு பக்கமும் அடுத்த வீடுகள். இடம் இருந்தது பின்னால் மட்டும்தான். அங்கே கூரையைவிட உயரமாக ஒரு கரும்பாறை நின்றது.

“வெடி வெச்சு எடுத்துப்போட்டா சதுரமா ரூம் கெடைச்சுருங்க்கா,” என்றாள் இஞ்சினியர் லோகப்பிரியா.

“வெடி வெச்சா எங்க மாமனார் கட்டுன சுவரு நிக்குமா கண்ணு? பாறை அது பாட்டுக்கு இருக்கட்டும். அதை அனுசரிச்சுக் கட்டு.”

லோகப்பிரியா பாறையின் வளைவை அளந்து, ஒரு மூலை கோணலாகப் போகும்படி அறையை வரைந்தாள். பாறையையே பின்சுவராக வைத்துக்கொண்டால் இடம் மிச்சமாகுமே என்றாள் மாசாணியம்மாள். ஈரம் இறங்கும் என்று லோகப்பிரியா எவ்வளவோ சொல்லியும் அவள் கேட்கவில்லை. சுவர்கள் எழும்பின. மேலே ஷீட் போட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாறையில் வழிந்த தண்ணீர் ஷீட்டின் விளிம்பு வழியாக உள்ளே இறங்கி, புதுத் தரையில் தேங்கி நின்றது. அவள் ஒரு பகல் முழுக்க வாளியால் மொண்டு ஊற்றினாள்.

“உடு அம்மணி,” என்றார் மாசாணம். “எனக்கு முன்னால இருக்கற ரூமே போதும்.”

“உங்களுக்குப் போதுங்க. எனக்குப் போதாது.”

மழை ஓய்ந்ததும் அவளே லோகப்பிரியாவுக்குப் போன் செய்தாள். “நீ சொன்னதுதான் சரி கண்ணு. இடிச்சுப்போட்டு மறுக்கா கட்டலாம், வா.”

பக்கச் சுவர்களைக் குறைத்தார்கள். பாறைக்கு இரண்டடி தள்ளிப் புதிதாகப் பின்சுவர் எழுப்பி, நடுவில் வானம் பார்த்த இடைவெளி விட்டார்கள். அங்கே விழும் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால். பாறையைப் பார்த்தபடி பெரிய ஜன்னல். அறை சுருங்கிப்போனது. வீல்சேர் திரும்ப இடம் போதுமா என்று மாசாணியம்மாள் தானே அதில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தாள். குளியலறை வாசலில் இடித்தது. கொத்தனார் திருமூர்த்தி முகம் சுளித்தாலும், கதவு நிலையை மறுபடி பெயர்த்து அகலமாக வைக்கும்வரை அவள் விடவில்லை.

அடுத்த மழையில் தரை காய்ந்தே கிடந்தது. பாறைமேல் தண்ணீர் சரிந்து இறங்குவதை மாசாணம் ஜன்னலோரம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, சக்கரத்தைத் தானே உருட்டிக் குளியலறைக்குள் போனார்.

அவள் பின்னாலேயே வந்தாள். “நானும் வாரனுங்க மாமா.”

“வேண்டா புள்ள. நானே பாத்துக்கறேன்.”

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அவள் கதவருகிலேயே நின்றாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நடுவே இருமினார், அப்புறம் பழைய பாட்டு ஒன்றை முணுமுணுக்கத் தொடங்கினார். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்வாசல் படியை எப்படிச் சரிவாக்குவது என்று பார்க்கப் போனாள்.